ஐந்து வருடத்தில் 12 மணி நேரம் பறந்த விமானத்தை வாங்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வயது 42, கிரீன் கார்டு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் பிரைவேட் பைலட் லைசன்ஸ் எடுத்தேன். இதுவரை 140 மணி நேரம், எல்லாம் வாடகை விமானத்தில். இங்குள்ள ஈ.ஏ.ஏ. என்ற விமான ஆர்வலர் சங்கக் கிளையில் பழக்கமான இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒன்று வாங்க யோசனை. 1975 மாடல் செஸ்னா 172எம். இன்ஜின் 2004இல் ஓவர்ஹால் ஆனது (முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தது), அதன்பிறகு 700 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. கடைசி ஐந்து வருடத்தில் 12 மணி நேரம் மட்டும். கால்வெஸ்டன் பக்கம் ஹேங்கருக்குள் நிற்கிறது, பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, விலையும் கம்மி. 'இன்ஜின் புதுசு மாதிரி' என்கிறார் விற்பவர். ஹேங்கர் நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்கிறார் ஒருவர். 2000 மணி வரை கவலையே இல்லை என்கிறார் இன்னொருவர். என் மனைவியோ, 'காருக்கு ஆயில் மாத்தவே உங்களுக்கு நேரமில்ல, இதுல ஏரோப்ளேனா?' என்கிறார். வாங்கலாமா அண்ணா? வாங்கினால் என் கையால் என்னென்ன வேலை செய்யலாம்? எங்கள் மூவரில் ஒருவர் எச்-1பி விசாவில் இருக்கிறார், அதனால் சிக்கல் வருமா?

பதில்: அண்ணா என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த உரிமையில் தம்பி என்றே எழுதுகிறேன். விற்பவர் உங்களுக்குக் காட்டிய எண் 700. கடிதத்தைப் படித்தபோது என் கண் போய் நின்றது அந்த 12இல்.

நான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றது நாமக்கல்லில், மாமாவின் லாரிப் பட்டறையில். விபத்துக் கேஸில் மாட்டி, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேப்ப மரத்தடியில் இரண்டு மூன்று வருடம் நின்ற லாரிகள் அவ்வப்போது பட்டறைக்கு வரும். ஓடோமீட்டரைப் பார்த்தால் அதிகம் ஓடாத வண்டிதான். மாமா அதைப் பார்க்கவே மாட்டார். 'எத்தனை மழை பார்த்துச்சு?' என்று கேட்பார். அமெரிக்கா வந்து ஏ அண்ட் பி என்ற விமான மெக்கானிக் லைசன்ஸ் எடுத்து, பிறகு வருடாந்திரச் சோதனையான ஆன்யுவல் இன்ஸ்பெக்‌ஷனில் கையெழுத்துப் போடும் ஐ.ஏ. அதிகாரமும் வாங்கி, இத்தனை வருடம் லைகமிங் இன்ஜின்களோடு குடித்தனம் நடத்திய பிறகும் நானும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் 172எம்மில் இருப்பது லைகமிங் ஓ-320, 150 குதிரைத்திறன். அதில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இருப்பது இன்ஜினின் மேல்பக்கம், கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே. அதன் மேடுகளுக்குத் தனியாக ஆயில் குழாய் கிடையாது. இன்ஜின் ஓடும்போது கீழிருந்து சிதறி வரும் ஆயிலில்தான் அவை நனைகின்றன. நிறுத்தினால் ஆயில் மெதுவாக வடிந்து அடியிலுள்ள சம்ப்புக்குள் இறங்கிவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம் ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் கேம் வெறும் இரும்பு. கால்வெஸ்டனில் பகலில் சூடு, ராத்திரியில் ஈரம், வருடம் முழுக்க உப்புக் காற்று. இன்ஜினுக்குள் தங்கிய ஈரம் குளிர்ந்து முதலில் உட்காருவது அந்த மேல்பக்கத்தில்தான். மெல்லிய துரு பூக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது கேம் மேட்டோடு உரசும் டேப்பெட்டின் முகம் அந்தத் துருவின் மேல் தேயும். துரு போய்விடும், அது இருந்த இடத்தில் குழி நிற்கும். குழி விளிம்பிலிருந்து பொடிப்பொடியாக இரும்பு உதிரத் தொடங்கும். அது தொடங்கிய பிறகு மருந்து கிடையாது, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஹேங்கர் நண்பர் சொன்ன 'வாரம் ஒருமுறை ஸ்டார்ட்' யோசனைக்கு என்னிடமே ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் காசு கொடுத்து வாங்கிய பதில். நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு பழைய பைப்பர் செரோக்கி 140 வைத்திருந்தோம். அதே ஓ-320 குடும்பம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, நான் ஏழு மாதம் ஊரில் இருக்க வேண்டி வந்தது. நண்பருக்கு அந்தச் சமயம் மெடிக்கல் சான்றிதழ் காலாவதி, பறக்க முடியாது. நல்ல மனிதர், விமானத்தின் மேல் உயிர். ஞாயிறு தவறாமல் ஹேங்கரைத் திறந்து, வெளியே தள்ளி, பத்து நிமிடம் ஓட விட்டு, பெருக்கித் துடைத்துப் பூட்டிவிட்டுப் போவார். எனக்கு ஃபோனில் இன்ஜின் சத்தம்கூடப் போட்டுக் காட்டுவார். கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறி அரை மணி, ஒரு மணி அப்படியே இருந்தால்தான் அந்தத் தண்ணீர் ஆவியாகி பிரீதர் குழாய் வழியே வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் ஆயில் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஆக, நண்பர் ஒவ்வொரு ஞாயிறும் அன்போடு இன்ஜினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்து முதல் ஆயில் மாற்றினோம், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறை ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பிடித்தேன். வெயிலில் ஜிகினா மாதிரி மினுக்கியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் அத்தனையும் எழுந்து ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்ததில் ஒரு மேடு பாதி தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. நண்பர் மேல் தப்பே இல்லை. தொழில் தெரிந்தவன் நான், ஃபோனில் சத்தம் கேட்டு மகிழ்ந்ததோடு நிறுத்தாமல் 'தொடாதே, அப்படியே விடு' என்று சொல்லியிருக்க வேண்டும்.

லைகமிங் சொல்லும் கணக்கு இதுதான்: முப்பது நாளுக்குள் ஒரு முறையாவது, ஆயில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடான நிலையில், தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் முப்பதைப் பதினைந்தாக்கிச் சொல்வேன். முடியாது, மாதக்கணக்கில் நிறுத்தத்தான் போகிறோம் என்றால், பாதுகாப்பு ஆயில் ஊற்றி, சிலிண்டருக்குள் தெளித்து, ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டி முறையாகத் தூங்க வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவ்வப்போது எழுப்பித் தூங்க வைப்பதுதான் ஆகாது.

இப்போது 2000 மணிக்காரருக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. இந்த இன்ஜினுக்கு லைகமிங் குறித்திருக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. 2004இல் ஓவர்ஹால் ஆன இன்ஜினுக்கு அந்தப் பன்னிரண்டு 2016இலேயே முடிந்துவிட்டது. தனிப்பட்ட முறையில் பறப்பவரை அந்த வரம்பு சட்டப்படி கட்டுப்படுத்தாது. நல்ல நிலையில் இருந்தால் தாண்டியும் ஓட்டலாம், 2000 தாண்டி நன்றாக ஓடும் இன்ஜின்கள் என் கையிலேயே இருக்கின்றன. வாரம் மூன்று நாள் பறக்கும் பயிற்சிப் பள்ளி விமானங்கள் அவை. 1,900 மணி ஓடிய அப்படி ஒரு இன்ஜினையும் உங்கள் 700 மணி இன்ஜினையும் பக்கத்தில் வைத்து எதில் உன் பிள்ளையை ஏற்றுவாய் என்று கேட்டால், நான் யோசிக்காமல் 1,900ஐக் காட்டுவேன்.

அதற்காக இந்த விமானத்தைப் பார்க்காமலேயே விட்டுவிடச் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய விதமாகப் பாருங்கள்.

முதலில் லாக்புக். எண்களை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆன்யுவலிலும், இன்ஜின் ஓடிய மணிகளைச் சொல்லும் டேக்கோமீட்டர் என்ன காட்டியது, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் எத்தனை வித்தியாசம், ஆயில் எப்போது மாறியது. ஆயிலுக்கு மணிக்கணக்கோடு காலக்கணக்கும் உண்டு: ஃபில்டர் உள்ள இன்ஜினுக்கு 50 மணி அல்லது நான்கு மாதம். வருடத்துக்கு இரண்டு மணி பறந்தவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தால், அவர் அபூர்வமான மனிதர், விலை பேசாமல் வாங்குங்கள். பெரும்பாலும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

விற்பவர் கம்ப்ரஷன் கணக்கைக் காட்டுவார். நான்கு சிலிண்டரும் 80க்கு 76, 78 என்று அழகாக இருக்கும். அது உண்மையாகவும் இருக்கும். அந்தச் சோதனை ரிங்கும் வால்வும் காற்றைப் பிடிக்கின்றனவா என்று மட்டும்தான் சொல்லும். கேம் முழுக்கத் துருப்பிடித்திருந்தாலும் 78 வரும். வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

கேமை நேரில் பார்க்க ஒரு சிலிண்டரைக் கழற்ற வேண்டும். விற்பவர்கள் பொதுவாக ஒப்ப மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் சிலிண்டரைக் கழற்றி மாட்டுவதற்கென்று தனி அபாயம் இருக்கிறது. அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று: வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவர்களைத் திறந்து, ப்ரொபெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு திறக்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளப்பது. தேய்ந்த மேடு இருந்தால் அந்த வால்வு மட்டும் குறைவாகத் திறக்கும். பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவை ஆஃப் செய்து, மேல் பிளக்குகளைக் கழற்றிய பிறகுதான் ப்ரொபெல்லரைத் தொட வேண்டும், அதுவும் மெக்கானிக்கின் வேலை, உங்களுடையது இல்லை. கூடவே எல்லாச் சிலிண்டருக்குள்ளும் போரோஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் துரு தெரிந்தால் கேமிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஃபில்டரை வெட்டச் சொல்லுங்கள். ஆனால் 12 மணி நேரத்தில் உதிர்ந்ததுதான் அதில் இருக்கும். எல்லாம் சுத்தமாக வந்தாலும் புதுத் துருக் குழிகள் இதில் தப்பிவிடலாம் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே விலை பேசும்போது இந்த இன்ஜினின் மதிப்பை, ஓவர்ஹாலுக்கு வந்துவிட்ட இன்ஜின் என்றே வைத்துப் பேசுங்கள். சிலிண்டர் கழற்றக் கூலி நான் தருகிறேன், கேம் சுத்தமாக இருந்தால் நீங்கள் கேட்கும் விலை, இல்லையென்றால் ஓவர்ஹால் செலவைக் கழித்துக்கொள்வோம் என்று சொல்லிப் பாருங்கள். 'புதுசு மாதிரி' என்று மனதார நம்புகிறவர் யோசிக்கவாவது செய்வார்.

இந்தச் சோதனைக்கு, விற்பவரின் விமானத்தை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கை அமர்த்தாதீர்கள். அவர் யோக்கியமானவராகவே இருக்கலாம். தன் கையெழுத்தைத் தானே குறை சொல்ல வேண்டிய இடத்தில் யாரையும் நிறுத்தக் கூடாது.

விமானத்தின் உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், செஸ்னா மெக்கானிக்குகளுக்குத் தெரிந்ததுதான் இதெல்லாம். அந்தக் காலத்தில் உட்புற அலுமினியத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு கேட்டு வாங்கினால்தான் உண்டு. நிறைய 172கள் உள்ளே வெறும் தகடாகவே ஆலையிலிருந்து வந்தவை. கடலோரத்தில் நின்ற விமானத்தில் வெளிப் பெயின்டைப் பார்த்துப் பயனில்லை. டார்ச்சோடு வால் பகுதிக்குள் ஊர்ந்து போய்ப் பாருங்கள், தரைப் பலகைகளைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அலுமினியத்தின் துரு. இன்ஜின் மூடியான கவுலிங்கைக் கழற்றினால், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலின் கீழ்ப் பகுதி தெரியும். அங்கே தகடு சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால், யாரோ ஒரு நாள் மூக்குச் சக்கரத்தில் தொப்பென்று இறக்கியிருக்கிறார்கள். சீட் தண்டவாளத்தில் பூட்டு ஊசி விழும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று விரல் வைத்தே பார்க்கலாம். சின்ன விஷயமாகத் தோன்றும். டேக் ஆஃபில் மூக்கு எழும் நேரம் சீட் வழுக்கிப் பின்னால் போனால், பைலட் பிடிமானத்துக்கு, விமானத்தின் ஸ்டியரிங்கான யோக்கைப் பிடித்து இழுப்பார், மூக்கு இன்னும் எழும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் 1987லிருந்து இதற்கென்றே ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ் என்ற கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது. வருடா வருடம் பார்த்து லாக்கில் எழுத வேண்டும். இப்படிப்பட்ட உத்தரவுகள் எல்லாம் நிறைவேறியிருக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு சட்டப்படி முதலில் உரிமையாளருடையது. மெக்கானிக் மேல் போட்டுவிட்டு நகர முடியாது.

காகித விஷயம். எல்லா அமெரிக்க விமானங்களின் பதிவும் ஓக்லஹோமா சிட்டியில் எஃப்.ஏ.ஏ. என்ற அரசு விமானத் துறை அமைப்பின் பதிவகத்தில் இருக்கிறது. கடன் பாக்கி ஏதும் ஏறியிருக்கிறதா என்று அங்கே தேடிவிட்டுப் பணம் கொடுங்கள். 337 என்ற படிவங்களின் நகலையும் வாங்குங்கள். பெரிய பழுதுபார்ப்பு, மாற்றம் எதுவானாலும் அதில் பதிவாகும். லாக்புக்கில் மென்று விழுங்கிய கதை அங்கே முழுசாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எச்-1பி நண்பருக்கு: தனிநபர் பெயரில் விமானம் பதிய அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். சேர்ந்து வாங்கினால் பெயர் போடும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தகுதி வேண்டும். அவர் பெயரைச் சேர்த்துப் பதிய முடியாது. கம்பெனி வைத்து, டிரஸ்ட் வைத்து வழி இருக்கிறது, ஆனால் கம்பெனி குடிமக்கள் கையில் இருப்பதாகக் காட்ட வாக்குரிமையில் 75 சதவீதமாவது அவர்களிடம் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் வரும். உங்கள் கிரீன் கார்டும் அந்தக் கணக்கில் குடியுரிமையாகாது. இதற்கு விமானப் பதிவு தெரிந்த வக்கீலுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஹேங்கரில் யாராவது 'என் பேர்ல போட்டுக்கலாம், நமக்குள்ள என்ன' என்றால், அந்த 'நமக்குள்ள' விபத்து நடந்த மறுநாளும் இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையால் செய்யும் வேலைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி. எஃப்.ஏ.ஏ. விதி 43இன் இணைப்பு ஏயில் ஒரு பட்டியல் இருக்கிறது, தடுப்புப் பராமரிப்பு என்று. பைலட் லைசன்ஸ் உள்ள உரிமையாளர் தானே செய்து தானே கையெழுத்துப் போடலாம். ஆயில், ஃபில்டர், டயர், பேட்டரி, லேண்டிங் லைட், ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்வது, சக்கர பேரிங்குக்குக் கிரீஸ், இப்படி முப்பது சொச்சம். வேலை முடிந்ததும் என்ன செய்தோம், தேதி, கையெழுத்து, லைசன்ஸ் எண், அது என்ன வகை லைசன்ஸ், இவ்வளவையும் லாக்கில் எழுத வேண்டும். எழுதாத வேலை நடக்காத வேலை.

முதல் முறை மெக்கானிக் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக், மேலே நான்கு, கீழே நான்கு. கழற்றும்போதே எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வைக்க வேண்டும், முட்டை அட்டை இதற்கு அம்சமாக இருக்கும். கீழ் பிளக்குகளின் வாயில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் அடைத்திருக்கும். அது ஈயம். 100எல்எல் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள். ஊசியால் மெதுவாகத் தோண்டி எடுங்கள், பீங்கானைக் கீறிவிடாதீர்கள். கை தவறி ஒரு பிளக் கான்கிரீட் தரையில் விழுந்தால் அதை எடுத்து நேராகக் குப்பையில் போடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பீங்கான் விரிந்திருக்கும், மேலே போய்த்தான் காட்டும். திருப்பி மாட்டும்போது மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. புதுச் செம்பு வாஷர். டார்க் ரெஞ்சில் 35 அடி-பவுண்டு. 'கை அளவு எனக்குத் தெரியும்' என்பவரிடம் ரெஞ்சைக் கொடுக்காதீர்கள். லாரியில் நானும் கை அளவில்தான் இறுக்கினேன், லாரி பழுதானால் சாலை ஓரம் நின்றது.

தரையில் டாக்ஸி செய்யும்போதே மிக்ஸ்சரை நன்றாக லீன் செய்து, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைத்து, பழகினால் அந்த ஈய உருண்டைகள் வெகுவாகக் குறையும். ஓசியில் கிடைக்கும் பராமரிப்பு அது. ஈயப் பெட்ரோலை 2030க்குள் நிறுத்த அமெரிக்காவில் வேலை நடக்கிறது, அதை நினைத்து இந்த விமானத்தைத் தள்ள வேண்டாம். 7க்கு 1 என்ற குறைந்த கம்ப்ரஷன் உள்ள உங்கள் இன்ஜின், மாற்றுப் பெட்ரோல் விஷயத்தில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியவற்றில் ஒன்று.

ஆன்யுவலிலும் நீங்கள் கூட நின்று வேலை செய்யலாம், மெக்கானிக் ஒப்புக்கொண்டால். கவுலிங், சீட், இறக்கையின் அடியில் உள்ள மூடிகள் எல்லாவற்றையும் நீங்கள் கழற்றி வைப்பீர்கள், சோதனை மட்டும் அவர் செய்வார். கூலியில் கொஞ்சம் மிச்சம். உண்மையான லாபம், உங்கள் விமானத்துக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது. என்னிடம் வருகிறவர்களில் சிலர் நாற்பது ஸ்க்ரூவில் பத்தின் தலையைச் சிதைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குக் கூலி கூட. அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருகக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

ஈ.ஏ.ஏ. நண்பர்களைப் பற்றி நான் மேலே சொன்னதை வைத்து அவர்களைக் குறைவாக எடை போட்டுவிடாதீர்கள். 1953இல் விஸ்கான்சினில் வீட்டிலேயே விமானம் கட்டும் சிலர் கூடி ஆரம்பித்த சங்கம், இன்றும் அதன் உயிர் சனிக்கிழமை காலைப் பேன்கேக்கிலும், பக்கத்து ஹேங்கரிலிருந்து கேட்காமலே வந்து டார்ச் பிடிக்கும் கையிலும்தான் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையிலும் கிடைக்காத பழைய செஸ்னா பாகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அறிவுரையை மட்டும் ஒரு சல்லடையில் போடுங்கள்: சொல்கிறவர் அந்தச் செலவை ஏற்கப்போகிறாரா, லாக்கில் கையெழுத்துப் போடப்போகிறாரா? இல்லையென்றால் அந்த விமானத்தின் பராமரிப்புக் கையேட்டை எடுத்துச் சரிபாருங்கள். உங்கள் கிளையில் டெக்னிக்கல் கவுன்சிலர் இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டம்மா கேள்வி. சரியான கேள்வி. கணக்கைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள். ஓவர்ஹாலுக்கு 35,000 டாலர் ஆகும் என்று வைத்து 2000 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 17.50 டாலர் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மூன்று பேரும் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பணம் பொதுக் கணக்கில் விழ வேண்டும், முதல் நாளிலிருந்து. மணிக்கு எட்டு கேலனுக்குக் குறையாமல் பெட்ரோல். ஹேங்கர், இன்ஷூரன்ஸ், ஆன்யுவல் மூன்றும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற ஆட்களை இந்தத் தொழிலில் தினமும் பார்க்கிறேன். ஒருவர் விலகினால் பங்குக்கு என்ன விலை, இன்ஜின் நடுவழியில் போனால் யார் எவ்வளவு போடுவது, இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு விமானத்தைப் பாருங்கள். இன்ஜின் போன பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பும் போய்விடும்.

தனி ஆளாக வாங்க யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தால் நானும் உங்கள் மனைவி கட்சியில் சேர்ந்திருப்பேன். மூன்று பேர் என்பதுதான் என்னை மாற்றுகிறது. உங்களுக்கு வேலை நெருக்கடி என்றால் இன்னொருவர் எடுத்துப் பறப்பார், விமானம் மூன்று வாரம் சும்மா நிற்காது. அடுத்த ஊர் ஏர்போர்ட்டில் ஒரு ஹாம்பர்கர் சாப்பிட நூறு டாலர் பெட்ரோல் எரிப்பதைப் பற்றி இங்கே பைலட்கள் கேலி பேசுவார்கள். அந்த ஹாம்பர்கர்தான் கேம்ஷாஃப்டைக் காப்பாற்றுகிறது என்று தைரியமாக வீட்டில் சொல்லலாம். யார் எந்த வாரம் என்று ஒரு காலண்டர் போட்டு ஹேங்கர் சுவரில் மாட்டுங்கள். அதில் தொடர்ந்து இரண்டு வாரம் காலியாகக் கிடக்கும் என்று இப்போதே தெரிந்தால், கிளப் விமானத்தில் வாடகைக்கே பறங்கள்.

விற்பவரிடம் இப்போதைக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள்: ராக்கர் கவரைத் திறந்து அளக்கவும், போரோஸ்கோப் விடவும், ஃபில்டரை வெட்டவும் சம்மதமா என்று. மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், 172எம்கள் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். சரி என்றால் லாக்புக்கின் கடைசிப் பத்து வருடப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், தேதிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். சோதனை நாளன்று நீங்களும் போய் நில்லுங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஃபில்டரைக் கழற்றும்போது ஆயில் முழங்கை வரை வழியும்.